கோல்கீப்பர் அட்டை செய்த குளறுபடி

கோரலியின் இடது கையுறை அன்றும் காணாமல் போயிருந்தது. சோபாவுக்கு அடியில் இல்லை. பனிக்காலணிக்குள் இல்லை. ஃபிரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்துவிட்டாள்.

வெளியே பள்ளிப் பேருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தது.

“வந்துட்டேன்! வந்துட்டேன்!” என்று கத்தியபடி கதவைப் பூட்டிவிட்டு ஓடினாள்.

கோரலியின் அம்மா முதியோர் இல்லத்தில் நர்ஸ். விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். எழுவது, சாப்பிடுவது, பனிக்கால்சட்டைக்குள் புகுந்து ஜிப்போடு சண்டை போடுவது எல்லாம் கோரலியின் பாடு. ஜிப்தான் பெரும்பாலும் ஜெயிக்கும்.

பேருந்தின் கதவு திறந்தது. ஓட்டுநர் இருக்கையில் மிஸ்டர் காஸ்டன். பெரிய தலை, பெரிய மீசை, மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி.

“மகாராணி எழுந்தாச்சா?” என்றார். “இன்னிக்கு எந்தக் கை?”

“இடது.”

அவர் காலடியிலிருந்த அட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். பிள்ளைகள் பேருந்தில் விட்டுவிட்டுப் போன ஒற்றைக் கையுறைகள் எல்லாம் அதில் கிடக்கும். கோரலி ஒரு பச்சைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். வலது கையில் சிவப்பு.

மூஸ் ஏரி என்ற அந்த ஊரில் பனிக்காலக் காற்று காதைக் கடிக்கும். அந்தக் குளிரில் மிஸ்டர் காஸ்டன் ஒரு நாளும் அவளை விட்டுவிட்டுப் போனதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பையன்கள், “கோரலி எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சு டோய்!” என்று கேலி செய்வார்கள். செய்யட்டுமே. அவர் காத்திருப்பார் என்ற நினைப்பே அவளுக்குக் கதகதப்பாக இருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை ஹாரன் சத்தமே கேட்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பேருந்து அவள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அன்று அவள் தோழியின் அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். பள்ளியில்தான் விஷயம் தெரிந்தது. மிஸ்டர் காஸ்டனுக்குப் பதிலாக மிஸ் ஹார்க்னஸ் என்பவர் வந்திருக்கிறார். அவர் நேரம் என்றால் நேரம். யாருக்காகவும் நிற்கமாட்டார்.

மாலையில் கோரலி நேராகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அதுதான் மிஸ்டர் காஸ்டனின் வீடு. அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவருடைய மூக்குக்கண்ணாடி நசுங்கிக் கிடந்தது.

“என்ன ஆச்சு?”

“பஸ் கண்ணாடியில ஒட்டின பனியைச் சுரண்டினேன். இது பாக்கெட்லேர்ந்து விழுந்தது எனக்குத் தெரியல. அப்புறம் பஸ்ஸை எடுத்தேன்.” அவர் பெருமூச்சு விட்டார். “என் கண்ணாடி மேல என் பஸ்ஸையே ஏத்திட்டேன், பாத்துக்கோ!”

“புதுசு வாங்கிக்கலாமே?”

“கண்ணாடிக் கடை இங்கேர்ந்து மூணு மணி நேரம். கண்ணாடி வாங்கணும்னா வண்டி ஓட்டணும். வண்டி ஓட்டணும்னா கண்ணாடி வேணும். புரியுதா என் நிலைமை?”

கோரலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

“மார்ச் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள நான் திரும்பி வரலைன்னா, இந்த ரூட்டை மிஸ் ஹார்க்னஸுக்கே குடுத்துடுவாங்களாம்” என்றார் மெதுவாக.

மிஸ்டர் காஸ்டன் இல்லாத பேருந்தா?

“உங்க போனைக் குடுங்க. ஆன்லைன்ல வாங்கிடலாம். எங்க அம்மா அப்படித்தான் வாங்கினாங்க. வாங்கறதுக்கு முன்னாடி போன்லயே போட்டுப் பாக்கலாம்!”

“போனை மூக்கு மேலயா மாட்டறது?”

“ஐயோ, பாருங்களேன்!”

கடையின் பக்கத்தைத் திறந்து, கேமராவை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் மிஸ்டர் காஸ்டன் தெரிந்தார். அவர் மூக்கின்மேல் வட்டக் கண்ணாடி ஒன்று வந்து உட்கார்ந்தது.

“அட! நான் ஆந்தையாட்டம் இருக்கேன்!”

தலையைத் திருப்பினார். கண்ணாடியும் திரும்பியது. மீசை துடிக்கச் சிரித்தார். கண்ணாடி நழுவுவதுபோல் தோன்றவே, விரலால் மேலே தள்ளிவிட்டார். விரல் வெறும் மூக்கில்தான் பட்டது.

“இது போன்லதான் இருக்கு! மூக்குல இல்ல!” என்று கோரலி மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

நடுவில் அவருடைய பூனை திரைக்குள் எட்டிப் பார்த்தது. கண்ணாடி அதன் முகத்துக்குத் தாவியது.

“என்னைவிட இவனுக்குத்தான் எடுப்பா இருக்கு” என்றார் மிஸ்டர் காஸ்டன்.

கடைசியில் ஒரு பழுப்புநிறச் சதுரக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார்கள். கண் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு அவரிடம் இருந்தது. அதைப் பார்த்து எண்களை நிரப்பினாள். அப்போது போன் கேட்டது: ‘உங்கள் முகத்தை அளக்க வேண்டும். வங்கி அட்டை ஒன்றை நெற்றியில் வைத்துப் பிடியுங்கள்.’

மிஸ்டர் காஸ்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “முடியவே முடியாது! போனுக்கு பேங்க் கார்டைக் காட்டறதா? இதைத்தான் செய்யாதீங்கன்னு ரேடியோவுல தினமும் கத்தறான்.”

“அளவு பாக்கத்தான் கேக்குது.”

“திருடன் வேற எப்படிக் கேப்பான்?” பர்ஸைத் துழாவி, ஓரம் தேய்ந்த ஹாக்கி அட்டை ஒன்றை எடுத்தார். முகமூடி போட்ட கோல்கீப்பரின் படம். “சின்னப் பையனா இருந்தப்போலேர்ந்து இது என்கிட்ட இருக்கு. இது போதாதா?”

கோரலி பார்த்தாள். வங்கி அட்டை மாதிரிதான் இருந்தது. “எல்லாம் ஒரே அளவுதான்” என்றாள்.

அவர் கோல்கீப்பரை நெற்றியில் வைத்துக்கொண்டார். போன் ‘அளந்தாயிற்று’ என்றது. பெட்டி வந்ததும் பணம் கட்டுவதாகக் குறித்து, கோரலி ஆர்டர் செய்தாள்.

விடுமுறை தொடங்கிய அன்று பெட்டி வந்தது. கோரலி முன்னால் நிற்க, மிஸ்டர் காஸ்டன் பெட்டியைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அழகாகத்தான் இருந்தது. இரண்டு அடி நடந்தவர் சட்டென்று மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“தரை படகு மாதிரி ஆடுது. காதோரம் வேற இறுக்கிப் பிடிக்குது.”

“கொஞ்ச நேரம் போட்டா சரியாயிடுமோ?”

“இதைப் போட்டுக்கிட்டுப் பிள்ளைங்களை ஏத்த மாட்டேன், கண்ணு. ஒரு நாளும் மாட்டேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “போகட்டும் விடு. மிஸ் ஹார்க்னஸ் நல்லாத்தான் ஓட்டறாங்க.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் கோரலிக்கு அழுகையை வரவழைத்தது.

அவர் காதோரம் இரண்டு சிவப்புக் கோடுகள் பதிந்திருந்தன. கோரலி அவற்றையே பார்த்தாள். கண்ணாடி சின்னது. அவர் தலையோ பெரியது. அளந்துதானே அனுப்பினார்கள்? அப்படியானால் அளவில்தான் ஏதோ தப்பு.

சர்க்கரை டப்பாமேல் கோல்கீப்பர் சாய்ந்து நின்றிருந்தார். கோரலி தன் பையிலிருந்து நூலக அட்டையை எடுத்தாள். அம்மாவின் வங்கி அட்டையும் இதுவும் ஒரே அளவு. அம்மாவின் பர்ஸில் ஒரே மாதிரி அறைகளில்தானே இரண்டும் உட்காரும்! நூலக அட்டையைக் கோல்கீப்பரின்மேல் வைத்தாள்.

கோல்கீப்பரின் முகமூடி நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பக்கவாட்டிலும் ஹாக்கி அட்டை துருத்திக்கொண்டு நின்றது.

“மிஸ்டர் காஸ்டன்! கோல்கீப்பர் பெரிசு!”

“என்னது?”

“போன் இதை பேங்க் கார்டுன்னு நம்பிடுச்சு. இது பெரிசுன்னு அதுக்குத் தெரியாது. அதனால இது பக்கத்துல இருந்த உங்க முகத்தைச் சின்னதாக் கணக்குப் போட்டுடுச்சு!” அவள் குரல் தாழ்ந்தது. “தப்பு என்மேலதான். நான்தான் ஒரே அளவுன்னு சொன்னேன். சாரி.”

மிஸ்டர் காஸ்டன் இரண்டு அட்டைகளையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“எங்க அம்மா எனக்குத் தொப்பி தேடி ஊரெல்லாம் அலைஞ்சாங்க. இந்தத் தலையைப் பார்த்துச் சின்னதுன்னு சொன்ன முதல் ஆளு இந்தப் போன்தான்!” அவள் தலையில் லேசாகத் தட்டினார். “பயந்தாங்கொள்ளி மாதிரி கார்டைக் காட்ட மாட்டேன்னது நான். உன்மேல என்ன தப்பு?”

“இப்போ என் லைப்ரரி கார்டை வெச்சுக்கலாம்.”

“இதைத் திருடன் பாத்தா என்ன பண்ணுவான்?”

“நம்பரைக் குடுத்துப் புஸ்தகம் எடுத்துப் படிப்பான்.”

“படிக்கட்டும். அவனுக்கு நல்லதுதான்.”

இந்த முறை கோரலி நூலக அட்டையைத் தானே அவர் நெற்றியில் நேராகப் பிடித்தாள். நடந்ததையெல்லாம் கடைக்காரர்களுக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது. ‘ஹாக்கி அட்டையா! எங்கள் கடையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். பழையதைத் திருப்பி அனுப்புங்கள். புதியதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறோம்.’

பிறகு காத்திருப்பு. விடுமுறை நாள்கள் கரைந்தன. நடுவில் பனிப்புயல் வந்து சாலையை மூடியது. கோரலி தினமும் அஞ்சல் அலுவலகத்துக்குப் போய் மூக்கைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டும் நேரத்தில்தான் பெட்டி வந்தது. அதை அணைத்துக்கொண்டு ஓடினாள்.

மிஸ்டர் காஸ்டன் போட்டுப் பார்த்தார். நடந்தார். திரும்பினார். எதிர்ச்சுவரில் இருந்த நாள்காட்டியின் பொடி எழுத்துகளைக் கடகடவென்று படித்தார். பிறகு கோரலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி, கண்ணு” என்றார். “என் பஸ்ஸை எனக்குத் திருப்பிக் குடுத்துட்டே.”

“நீங்க எனக்காக எவ்ளோ நாள் காத்துக்கிட்டு நின்னிருக்கீங்க” என்றாள் கோரலி. பூனையைத் தடவிவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை. இன்னும் இருட்டு முழுதாக விலகவில்லை. பனிக்குவியலின் ஓரம் ஒரு சின்ன உருவம் குதித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் மஞ்சள் விளக்குகள் தெரிந்ததும் இன்னும் உயரமாகக் குதித்தது.

பேருந்து நின்றது. கதவு திறந்தது. மிஸ்டர் காஸ்டன் ஹாரன் அடிக்கத் தூக்கிய கையை இறக்க மறந்து அவளையே பார்த்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டார்.

“கோரலி மாதிரி ஒரு பொண்ணு, நேரத்துக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறாப்பல தெரியுது” என்றார். “இந்தக் கண்ணாடியையும் திருப்பி அனுப்பணும் போல!”

“நான்தான்! இன்னிக்கு உங்களுக்காக நான் காத்துக்கிட்டிருந்தேன்!”

பேருந்தே சிரித்தது. அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். ஒன்றில் மட்டும்தான் கையுறை இருந்தது. ஒன்றும் கேட்காமல், காலடியிலிருந்த பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.