வழிவிட்டவர்கள்

அவர்கள் ஆடி முடித்துவிட்டு வந்த கூடையில் சங்கிலி குலுங்கியது.

ஹென்னா திரும்பிப் பார்த்தாள். மூடுபனிக்குள் பிர்ச் மரங்களின் வெள்ளைத் தண்டுகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அப்பால், சற்றுமுன் அவளும் தம்பி ரௌலியும் விட்டு வந்த இரும்புக் கம்பமும், அதன் இடுப்பில் கம்பிக் கூடையும், கூடைக்கு மேலே சுற்றிலும் தொங்கும் சங்கிலிகளும் அரைகுறையாகத் தெரிந்தன. காட்டுப் பாதையில் ஒவ்வொரு கூடையாகத் தட்டெறிந்து போகும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டம்; எறிந்த பிளாஸ்டிக் தட்டு அந்தச் சங்கிலிகளில் மோதிக் கூடைக்குள் விழும்போது வரும் சத்தம் அது. காற்றில் அப்படி வராது. காற்றும் இல்லை. அங்கே ஆளும் இல்லை.

"யாரோ பின்னாடி வராங்கடா."

"வரட்டும். பார்க் என்ன நம்ம அப்பன் சொத்தா?" ரௌலி பையிலிருந்து அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தான்.

"கார் நிறுத்துற இடத்துல நம்ம கார் மட்டும்தானே நின்னுச்சு?"

"சைக்கிள்ல வந்திருப்பாங்க. ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி பாத்துப் பாத்து உனக்கு எல்லாமே பேயாத் தெரியுது அக்கா."

ஹென்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்டோபர் கடைசி. ஏரி முழுவதும் பனி மூடிக் கிடந்தது. மட்கிய இலையும் ஈர மண்ணும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பகல் இன்னும் பாக்கி இருந்தும் வெளிச்சம் களைத்துப்போயிருந்தது. அக்கரைக் குடிலில் அம்மா சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு மூட்டியிருப்பாள். இருட்டுவதற்குள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆனால் போதும் வா என்று ரௌலியிடம் சொல்ல ஹென்னாவுக்கு மனம் வராது. போன குளிர்காலம் முழுக்க அவன் மனச்சோர்வில் விழுந்து அறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே அவள் வைத்த சூப் அப்படியே ஆறிக் கிடக்கும். பனி உருகியபோது ஒரு சிநேகிதன் அவன் கையில் ஒரு தட்டைத் திணித்து இங்கே இழுத்து வந்தான். அதற்குப் பிறகுதான் தம்பி சாப்பிட்டான், தூங்கினான், அவளைக் கேலி செய்ய ஆரம்பித்தான். அந்தக் கேலிக்காக அவள் எந்த மழையிலும் தட்டெறிய வருவாள்.

அடுத்த கூடையை முடித்துவிட்டு நகர்ந்தார்கள். பின்னால் சங்கிலி குலுங்கியது. அதற்கடுத்த கூடையிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவர்கள் கூடையைவிட்டு அகன்ற கையோடு அந்தச் சத்தம் வந்தது. பேச்சுக் குரல் இல்லை, இருமல் இல்லை, ஈர இலைமேல் ஒரு காலடி இல்லை.

"பாவம், நமக்காகக் காத்துக்கிட்டே வராங்க," என்றான் ரௌலி. "நீ ஆமை வேகத்துல ஆடுனா அவங்க என்ன பண்ணுவாங்க? வழி விடணும் அக்கா. அதான் முறை."

"வேணாம்டா. நாம கிளம்பிடலாம்."

"அட, ஒதுங்கு."

ஊசியிலை மரத்தடிக்கு அவளை இழுத்து நிறுத்திவிட்டு, பனியைப் பார்த்துக் கையை அசைத்துக் கத்தினான்:

"நீங்க முன்னாடி போங்க! நாங்க காத்திருக்கோம்!"

பிறகு இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரியாத மனிதர்கள் கடந்து போகும்போது ஒதுங்கி நின்று ஷூவைப் பார்ப்பதுதான் இந்த ஊர் மரியாதை. முகத்தை உற்றுப் பார்த்தால் வம்புக்கு இழுப்பதுபோல் ஆகிவிடும். ஹென்னாவும் சின்ன வயதிலிருந்து அப்படியே பழகியவள்.

முதலில் குளிர் வந்தது, பாதாள அறையின் கதவைத் திறந்தால் வருவதுபோல. அதன் பின்னால் வாடை, வெயிலே படாத அடிச் சேறும் அழுகிய நாணலும் கலந்த வாடை. அப்புறம் சொட்டுச் சத்தம். எதிரில் இலைகளின்மேல் நீர் சொட்டியது, நகர்ந்தது, நெருங்கியது, அவளுக்கு நேரே வந்து ஒரு கணம் நின்றது. ஹென்னா மூச்சை அடக்கிக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது; கழுத்து அசையவில்லை. சொட்டு மறுபடி நகர்ந்து போயிற்று.

தூரத்தில், அவர்களுக்கு முன்னால் இருந்த கூடையில் சங்கிலி குலுங்கியது.

"பாத்தியா, போயிட்டாங்க," என்றான் ரௌலி.

"நீ அவங்களப் பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்?"

பாதை நடுவில் ஒரு தட்டு கிடந்தது. சேறு வழிந்தது. ரௌலி அதைப் புரட்டி, பெயரும் போன் நம்பரும் எழுதும் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் துடைத்தான். அவன் பெயர். அவன் நம்பர். அவனுடைய கோணல் கையெழுத்து.

"அக்கா! ஜூன்ல ஏரிக்குள்ள போச்சே, அதே தட்டு! தேடி எடுத்துக் குடுத்துட்டுப் போறாங்க பாரேன்!"

"அந்தப் பேர்க்காரன் நீதான்னு அவங்களுக்கு எப்படிடா தெரியும்?"

ரௌலி கட்டைவிரலால் அந்த எழுத்தை மறுபடி தேய்த்தான். தட்டைப் பைக்குள் வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"வீட்டுக்குப் போலாம் ரௌலி. அம்மா தனியா இருக்காங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதோட கிளம்பிடலாம். சத்தியமா."

கடைசிக் கூடை ஏரிக்குள் நீண்டிருந்த மண்திட்டின் நுனியில் இருந்தது. எறியும் இடத்துக்கும் அதற்கும் இடையில் தண்ணீர். அன்று திட்டும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. சேற்றை ஆரஞ்சு ஜாக்கெட்டில் துடைத்துவிட்டு, பழக்கத்தில் திசையைக் கணித்து, ரௌலி உடம்பைச் சுழற்றி அந்தத் தட்டையே எறிந்தான். தட்டு பனிக்குள் போய் மறைந்தது. தண்ணீரில் விழும் சத்தத்துக்கு ஹென்னா காத்திருந்தாள்.

சங்கிலி குலுங்கியது.

"ஒரே வீச்சு!" ரௌலியின் குரல் உடைந்தது. "அக்கா, ஒரே வீச்சுல விழுந்துடுச்சு! நீதான் சாட்சி! நீ இல்லன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்!"

அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். கன்னம் சிவந்திருந்தது. நோய்க்கு முன்னால் இருந்த தம்பியின் முகம் அது. இனி பார்க்கவே மாட்டோம் என்று அவள் அழுதிருந்த முகம். போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

கரையைச் சுற்றிப் போகும் பலகைப் பாதையில் அவன் ஓடினான். ஆரஞ்சு ஜாக்கெட் மங்கி மறைந்தது. பலகைமேல் காலடிகள் தடதடத்தன. தூரம் போயின. நின்றன.

சங்கிலி குலுங்கியது. உடனே இன்னொன்று. இன்னொன்று. ஆளுக்கொரு தட்டாக எறிவதுபோல.

"ரௌலி!"

ஓடினாள். பலகை வழுக்கியது. முழங்கால் இடித்தது. எழுந்தாள். போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. முன்னால் இல்லை. இடப்பக்கம். தண்ணீர்ப் பக்கம். கீழே. அமுங்கிய சத்தம். பிறகு அதுவும் இல்லை.

மண்திட்டு. கம்பம். கூடை.

கூடைக்குள் தட்டுகள். எல்லாம் சேறு. எல்லாவற்றிலும் வேறு வேறு பெயர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது மட்டும் சுத்தமானது. ரௌலியுடையது.

நாணல் சலசலத்தது. ஹென்னா நிமிர்ந்தாள்.

தண்ணீரில் நின்றிருந்தார்கள். முழங்கால் ஆழத்தில், இரண்டு வரிசையாக, எதிரும் புதிருமாக. தலைகள் குனிந்திருந்தன. கைகள் காலியாகத் தொங்கின. விரல்நுனிகளிலிருந்து நீர் சொட்டியது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நடுவில் ஆழத்தை நோக்கி ஒரு வழி விட்டிருந்தார்கள்.

வரிசையின் கடைசியில் ஆரஞ்சு ஜாக்கெட்.

"ரௌலி, வாடா. வந்துடுடா. அம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

அவன் தலை நிமிரவில்லை. கை மட்டும் மெல்ல உயர்ந்து, மரியாதையாக, வழியைக் காட்டியது.

"நீ முன்னாடி போ அக்கா. நாங்க காத்திருக்கோம்."

ஹென்னா பின்வாங்கினாள். முதுகு கம்பத்தில் இடித்தது. சங்கிலி குலுங்கியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும், குனிந்த தலை குனிந்தபடியே, இரண்டு வரிசைகளும் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டன.