உடைத்தால் பச்சை

ட்ரிங்… ட்ரிங்…!

கான்க்ரீட் சோதனைக்கூடத்தில் போன் அலறியது. இன்ஜினியர் பாய்ந்து எடுத்தாள்.

"குடி முழுகிப் போச்சும்மா!" அவள் அண்ணன். கட்டடத்தைக் கட்டும் கான்ட்ராக்டர். "உன் சன்ஷேட் உடைஞ்சு விழுந்து நம்ம வாட்ச்மேன் செத்துட்டார்!"



இரும்பு ஆலைக் கசடு, அனல் மின் நிலையச் சாம்பல்… இரண்டையும் சேர்த்து, சிமெண்டைப் பாதியாகக் குறைத்து அவள் உருவாக்கிய கலவை. ஆறு வருட உழைப்பு! அதில் எழும்பிய முதல் கட்டடம் அது.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். பின்னாலேயே அண்ணன், கண் கலங்க.

மேஜை மேல் 'தொம்'மென்று ஒரு கான்க்ரீட் துண்டு.

"பொணத்துக்குப் பக்கத்துல ரெண்டு துண்டு கிடந்தது. ரத்தம் பட்டது லேபுக்குப் போயிருக்கு. இது இன்னொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். "குப்பையைப் போட்டுக் கட்டினா வேற என்னம்மா ஆகும்?"

"சின்னப் பொண்ணு சார், தெரியாம பண்ணிட்டா…" அண்ணன் அவள் தோளைத் தொட்டான். "கலவை தப்புன்னு எழுதிக் கொடுத்துடும்மா. நான் வக்கீல் வைக்கிறேன்."

"முடியாது!"

"அடம் பிடிக்காதே!"

"பிடிப்பேண்ணா! செய்யாத தப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். சார், இதை உடைக்கலாமா?"

"தாராளமா!"

சுத்தியலை ஓங்கினாள். துண்டு பிளந்தது. உள்ளே… வெறும் சாம்பல் நிறம்.

"இது என் கான்க்ரீட்டே இல்லை!"

"எல்லா கான்க்ரீட்டும் இந்தக் கலர்தானேம்மா?"

தொட்டித் தண்ணீரில் ஊறிய, தன் கலவையில் வார்த்த சோதனைக் கட்டியை எடுத்து, அழுத்தி உடைக்கும் இயந்திரத்தில் வைத்தாள்.

டமால்!

உள்ளே நீலப் பச்சை! இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார்.

"கசடு சேர்ந்தா உள்ளே இப்படித்தான் சார். காத்து பட்டா மங்கிடும். வெளியே பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ சன்ஷேட் ஓரம் போயிருக்கே?"

"சம்மட்டியால பொடிப்பொடியா உடைச்சிருக்காங்க! மிச்சத்தைத் தட்டிப் பாருங்க, பச்சையா இருக்கும். உங்க துண்டு ஏதோ இடிச்ச பழைய கட்டடத்தோடது. அது தானா விழலை சார்… ரத்தம் பட்ட அந்தத் துண்டால அவரை அடிச்சிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்தார்.

"கேட் பூட்டியிருந்தது. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு செத்தவர் பையில. இன்னொண்ணு…"

அண்ணன் வாசலுக்குப் பாய்ந்தான்!

கான்ஸ்டபிள் கோழியை அமுக்குவதுபோல் அமுக்கினார்.

"கம்பி கடத்தினதைப் பாத்துட்டான்… போலீசுக்குப் போறேன்னான்… வேற வழி தெரியலை!"

அப்பாவி மனிதர் ஒருவர் போய்விட்டார். பழி அவள் தலையில். அதுவும் சொந்த அண்ணன் கையால்! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

"கூடப் பிறந்தவன்டி நான்! காப்பாத்த மாட்டியா?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"எல்லாக் கழிவையும் கான்க்ரீட்ல சேர்த்துட முடியாது சார். இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க!"