ஓடு பிரித்த வீடு

1929 மாசி மாதத்தில் ஒரு காலை, எருத்தேன்பதிக்குக் கிழக்கே தரிசுக் காட்டில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் முன் இரண்டு மாட்டுவண்டிகள் வந்து நின்றன. இறங்கியவர் பேய்ப்பட டைரக்டர் அர்த்தநாரி. முதல் வேலையாகக் கூரை ஓடுகளைப் பிரிக்கச் சொன்னார். படம் பிடிக்க வெயில் வேண்டும்.

உள்ளறையில் வெயில் விழுந்தது. தரையில் பாய் அகலத்துக்குக் கறுப்புக் கறை. துருப்பிடித்த இரும்பின் வாடை. அங்கே முன்பு ஒருவன் தன் தம்பியை அரிவாளால் வெட்டிவிட்டுக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டான். ஊரார் உடைத்துத் திறந்தபோது உள்ளே வெட்டியவன் இல்லை.

அர்த்தநாரி பேய் செய்யும் வழி எளிது. முதலில் வெற்றறையைப் பிடிப்பார். அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அதன்மேலேயே நடிகனைப் பிடிப்பார். இரண்டு தடவையும் இருக்கும் சுவரும் தூணும் கெட்டியாக விழும். ஒரு தடவை மட்டும் வந்த நடிகன் புகையாக விழுவான்.

அவருடைய கடைசி இரண்டு பேய்ப்படங்களையும் பார்த்து ஜனங்கள் சிரித்துவிட்டார்கள்.

பேயாக நடிக்க வந்தவன் குப்பண்ணன். மனைவி மருதாத்தாள் அவன் முகத்தில் அரிசிமாவு பூசினாள்.

"ஏனுங்க, பேய்க்கு வேர்க்குமுங்களா? மாவு பூராவும் வழியுதுங்க," என்றான் குப்பண்ணன் டைரக்டரிடம்.

"தொடச்சுட்டு நில்லு, குப்பண்ணா. இந்தத் தடவையும் சிரிச்சாங்கன்னா நான் ஊட்டுக்குப் போயி மாடுதான் மேய்க்கோணும்."

வெற்றறை பிடித்தாயிற்று. பிலிமைப் பின்னுக்குச் சுற்றியாயிற்று. குப்பண்ணன் மர அரிவாளோடு நடுவில் வந்தான். அர்த்தநாரி கேமராவின் கைப்பிடியைச் சுற்றினார்.

கர்ர்ர்.

குப்பண்ணனின் தோள் பிளந்தது.

அவன் அருகே யாருமில்லை.

"நிறுத்துங்க! சுத்தறத நிறுத்துங்க!" மருதாத்தாள் அலறினாள்.

இரண்டாவது வெட்டு கழுத்தில். இரத்தம் லென்ஸ்வரை தெறித்தது. அர்த்தநாரி பிலிம் தீரும்வரை சுற்றினார்.

பிரிக்காமல் மிச்சமிருந்த ஓடு சரிந்து விழுந்த சாவு என்று போலீஸ் முடித்தது.

கழுவிப் பார்த்த பிலிமில் குப்பண்ணன் புகையாக இருந்தான், இரத்தமும் புகை. அவனுக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி, அரிவாளோடு ஒருவன். அவன் சுவரைப்போல் கெட்டியாக விழுந்திருந்தான்.

வெற்றறையைப் பிடித்தபோதும் அவன் அங்கே நின்றிருக்கிறான்.

அர்த்தநாரி ஒரு அங்குலம்கூட வெட்டாமல் படத்தை வெளியிட்டார். கோயமுத்தூர்க் கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. வாசலில் மருதாத்தாள் அர்த்தநாரியை வழிமறித்தாள்.

"நான் நிறுத்தச் சொல்லிக் கத்துனது அதுல கேக்குமுங்களா?"

"ஊமைப் படம் ஆத்தா. கேக்காது."

அடுத்த படம் மலையூரான வண்டிப்பெரியாற்றில், பழைய தேயிலைக் கொட்டகையில். தகரக் கூரையைக் கழற்றினார்கள். பேயாக நிற்க வந்தவன் எஸ்டேட் தொழிலாளி சோலை. வெற்றுக் கொட்டகையைப் பிடித்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, இரண்டாம் தடவை கைப்பிடியைப் பிடித்தார் அர்த்தநாரி.

துருவின் வாடை வந்தது.

அவர் கையை உதறி எடுத்தார்.

"ஐயா, கைய எடுத்துட்டீகளே," சோலை கிசுகிசுத்தான். "பெறகு எப்படிச் சுத்துது?"

அர்த்தநாரியின் தலைமயிர் கொத்தாக மேலே எழும்பியது. ஏதோ அவரை லென்ஸுக்கு முன்னால் இழுத்துப் போட்டது. முதல் வெட்டில் முழங்கை போயிற்று.

"நிறுத்துடா! சோலை, நிறுத்து!"

சோலை இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்தான். அது அவன் மணிக்கட்டை முறித்துக்கொண்டு சுற்றியது.

கர்ர்ர்.

பிலிம் தீர்ந்த பிறகே நின்றது.

அந்தப் பிலிமையும் கழுவிப் பார்த்தார்கள். புகையாக விழுந்திருந்த அர்த்தநாரியின் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை. பக்கத்தில் அந்த அரிவாள்காரன், கெட்டியாக.

இந்தத் தடவை அவன் முதுகைக் காட்டவில்லை. படம் பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.