கழற்றி வரைந்தவை

கோப்பிக்கொட்டை அரைக்கும் மெசினின் கைபிடி சும்மா சுற்றியது. உள்ளே ஒரு கொட்டைகூட நொறுங்கவில்லை. தக்சிலா கழற்றிப் பார்த்தாள். எதுவும் உடைந்திருக்கவில்லை. பூட்டியதும் மறுபடி வெறுமனே சுற்றியது.

"அதை நேற்றுத்தான் வரைஞ்சு முடிச்சனான்," என்றான் ஆரணன், தாளிலிருந்து தலை நிமிராமலே.

அவள் கணவன் பல்கலைக்கழகத்தில் மறுமலர்ச்சிக் கால இயந்திர ஓவியங்களை ஆராய்பவன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியப் பொறியாளர்கள் ஒரு இயந்திரத்தை விளங்கிக்கொள்ள அதை வரைந்தே பார்த்தார்களாம்: முதலில் முழுதாக, பிறகு மேல்மூடியை நீக்கி, பிறகு ஒவ்வொரு பாகமும் தனித்தனியே அந்தரத்தில் மிதப்பதுபோல. அவர்கள் கண்டது தனக்கும் தெரியவேண்டும் என்று அவன் வீட்டிலுள்ளவற்றை அதேபோல வரைந்துகொண்டிருந்தான். மெசினுக்கு முன்பு சுவர்க்கடிகாரம். அதற்கு முன்பு கதவுப்பூட்டு. பூட்டை மாற்றவேண்டி வந்தது. கடிகாரம் நின்றேவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அவளைப் பார்த்துச் சொன்னான்: "கையை இதிலை வைச்சுக்கொண்டிரு. வடிவான கை."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் அப்படியொன்றும் சொன்னதில்லை. வெளியே, அவர்கள் குடியிருந்த ட்வெய்ட்டாவின் அடுக்குமாடிகள் பனிக்காலத்து மூன்று மணிக்கே இருட்டில் அமிழ, மேசைவிளக்கின் சூட்டிலும் பென்சில் சீவிய மரவாசனையிலும், தாளில் பென்சில் உரசும் மெல்லிய சத்தத்தைக் கேட்டபடி, அவள் கை மரத்துப்போகும்வரை அசையாமல் இருந்தாள். சந்தோசமாக இருந்தாள்.

மறுநாள், வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், தண்ணீர்க் கிளாஸ் அவள் கையிலிருந்து நழுவியது. விரல்கள் மடங்கவில்லை. டொக்டர் ஒரு குறையும் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஆரணன் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தான். அவள் இடக்கையால் அவனுடைய தாள்களைப் புரட்டினாள்.

அவள் கை. கையுறைபோல உரித்து வைத்த தோல். உள்ளே கயிறுகள், சின்னச் சின்னக் கப்பிகள், மணிக்கட்டில் ஒரு கைபிடி.

அடுத்த தாளில் முழங்கால். பிறகு தோள். கழுத்து. கன்னத்தின் கீழே அவர்களுடைய தலையணையின் பூக்கள்.

கதவு திறந்தது. சப்பாத்தில் பனியோடு, கையில் பையோடு ஆரணன் நின்றான்.

"நான் நித்திரையா இருக்கேக்கை வரைஞ்சனீங்களோ?"

"ஓம். முழிச்சிருந்தால் அசைவாய்."

"உங்களை நம்பித்தானே பக்கத்திலை படுத்தனான்."

அவன் பையை இறக்கிவைத்தான். கதிரையில் இருந்தான். "இஞ்சை நிண்டுபோனால், தாளிலை ஓடும்," என்றான், மாணவனுக்கு விளங்கப்படுத்துகிறவன்போல.

பென்சில் முனையைத் தாளிலிருந்த கைபிடியில் வைத்துச் சுற்றினான். அவளுடைய வலக்கை மூடியது. திறந்தது. மூடியது.

அவள் கதவை நோக்கித் திரும்பினாள். முழங்கால் மடங்கவில்லை. மற்றதும். நின்ற இடத்திலேயே நின்றாள்.

போன் அடித்தது. பக்கத்து நகரமான திராமனில் இருக்கும் அக்கா சிவமலர். அவன் போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, தக்சிலாவின் முன்னால் பிடித்தான்.

கத்தவேண்டும். இப்போதே.

அவன் தாள்கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினான். தொண்டை. நாக்கு. தாடையில் ஒரு சக்கரம்.

"என்னடி, சுகமோ?" என்றாள் அக்கா.

பென்சில் சுற்றியது.

"ஓம் அக்கா." அவளுடைய குரல்தான். அவளுடைய சிரிப்புத்தான். "நல்ல சுகம். இவர் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்."

"அப்ப சரி. சமை, சமை. பிறகு கதைக்கிறன்."

போன் அடங்கியது. சிரித்த வாய் சிரித்தபடியே நின்றது. அதன்மேல், எந்தத் தாளிலும் இல்லாத ஒரு கண்ணீர்த்துளி தானாக வழிந்தது.

ஆரணன் அதைக் கவனித்தான். விளக்கை அவள் முகத்துக்குக் கிட்ட இழுத்துவைத்தான். புதுத் தாள் ஒன்றை எடுத்தான்.