மூன்று இழுப்பு

கயிறு மறுபடியும் மூன்று முறை இழுபட்டது. உபைதுல்லா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று நாற்பது. கேசவன் ஒன்பதரைக்குத் தண்ணீருக்குள் இறங்கினான். அவன் முதுகிலிருந்த சிலிண்டரில் ஐம்பது நிமிடத்துக்குத்தான் காற்று.

ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன், இரண்டு என்றால் மேலே தூக்கு, மூன்று என்றால் இறங்கி வந்து உதவு. பன்னிரண்டு வருடமாக இருவரும் வைத்திருந்த சைகை இது.

"இயுக்கிறாரு பாய். உசுரோடதான் கீறாரு." கேசவன் மனைவி சின்னபொண்ணு கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எவ்வளவு இழுத்துப் பார்த்தும் அந்தக் கயிறு ஒரு சாண்கூட மேலே வரவில்லை.

உத்திரமேரூருக்குத் தெற்கே கைவிட்ட கல்குவாரி அது. லாரிகள் திருட்டுத்தனமாகக் கொட்டிவிட்டுப் போன ஏதோ கெமிக்கலால் தண்ணீர் பச்சையாகத் தடித்து, வெயில் ஏற ஏற அழுகின முட்டையும் பினாயிலும் கலந்த நாற்றத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு சொட்டுப் பட்டாலும் கொப்பளிக்கும். தண்ணீர் புகாத ரப்பர் உடை இல்லாமல் இறங்கவே முடியாது. மூழ்கிய மோட்டாரை எடுக்க இவர்களைக் கூட்டிவந்த குவாரிக்காரர், ஆள் அழைத்து வருகிறேன் என்று கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. போனில் சிக்னலும் இல்லை.

உபைதுல்லாவின் உடையில் வலது மணிக்கட்டு ரப்பர் வெடித்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. சைக்கிள் டியூபை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தான்.

காலையில் கேசவனின் உடைக்கும் இவன்தான் இதே ஒட்டுப் போட்டான். இறுக்கமாக இருக்கிறது, கை நுழையவில்லை என்றான் கேசவன். கை வழுக்கி நுழையப் போடும் பவுடர் டப்பா காலி. சின்னபொண்ணிடம் தேங்காயெண்ணெய் வாங்கி இவனே தடவிவிட்டான். எண்ணெய் பட்டால் ஒட்டு விட்டுப்போகும் என்பது பஞ்சர் போடுகிற எல்லோருக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். "அரை மணிதானே, தாங்கும் போடா" என்றவனும் இவன்தான். அந்த வார்த்தைக்காகத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

இவ்வளவு நேரம் யாரும் பிழைத்திருக்க முடியாது. அப்படியானால் இழுப்பது யார்? பாறை இடுக்கில் காற்று தங்கியிருக்கும், அங்கே மூக்கை வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுபடி மூன்று.

"நீ போவலன்னா நான் குதிச்சிடுவேன் பாய். மூணு இயுத்தா வான்னுதான அர்த்தம்?"

"நான் எறங்கறேன்மா. இன்னா ஆனாலும் நீ தண்ணில காலு வெக்காத. பவுடர் எதனா கீதா?"

அவள் சுருக்குப்பையைத் துழாவினாள். "கோயிலு துண்ணூறுதான் கீது."

"குடு."

மணிக்கட்டில் திருநீற்றைப் பூசிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லிக் கையை நுழைத்தான். ரப்பர் கையுறையை மாட்டி மேலே டேப் சுற்றினான். தன் இடுப்பில் இன்னொரு கயிற்றைக் கட்டி, அதன் நுனியை அவளிடம் கொடுத்தான்.

"ரெண்டு இயுத்தா தூக்கு."

சிலிண்டரும் முகமூடியும் மாட்டி, கேசவனின் கயிற்றைப் பிடித்தபடியே இறங்கினான். பச்சை மெல்லப் பழுப்பாயிற்று. மேலே வெளிச்சம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியது. தன் மூச்சின் குமிழிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

அடியில் சேறு. டார்ச் வெளிச்சத்தில் கேசவனின் உடை.

உடை மட்டும்.

ஜிப் மூடியிருந்தது. கழுத்து ரப்பர் கிழியவில்லை. உள்ளே யாருமில்லை. கயிற்றை அந்தக் காலிக் கை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. மணிக்கட்டில் இவன் போட்ட ஒட்டு உரிந்திருந்தது. உள்ளிருந்து வெளியே.

மேலே போகத் திரும்பினான்.

வலது மணிக்கட்டில் டேப் விட்டது. மெதுவாக, நகத்தால் நெம்புகிற மாதிரி.

தண்ணீர் என்றால் சட்டென்று பாயும். இது பாயவில்லை. ஏறியது. ஒவ்வொரு விரலாக. மணிக்கட்டு. முழங்கை. தோள்.

அல்லா. தூக்கச் சொல்ல வேண்டும். இரண்டு இழுப்பு.

இடுப்புக் கயிற்றை வலது கையால் பிடித்தான்.

ஒன்று.

இரண்டு.

போதும். விடு. கை விடவில்லை.

மூன்று.

அவன் இழுக்கவில்லை.

மேலே தட்டு வெளிச்சம் உடைந்து கலங்கியது. புடவை விரிந்தது. இரண்டு பாதங்கள் உதைத்துக்கொண்டு கீழே வந்தன. குழாயைக் கடித்திருந்த வாயால் உபைதுல்லா கத்தினான். குமிழிகள்தான் போயின.

அவனுடைய வலது கை, ஐந்து விரல்களையும் விரித்து, அவளை வரவேற்க உயர்ந்தது.