கூரை மூலையில் ஒரு குரல்

அழுவதற்கு முன்னால் குட்டி நிமிர்ந்து பார்த்தாள். அதுதான் அத்தைக்காரிக்கு முதலில் உறுத்தியது. பசித்தால் குழந்தைகள் கண்ணை இறுக்கிக்கொண்டு அழும். அண்ணன் மகளோ அலமாரிக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் மூலையைச் சற்று நேரம் வெறித்துவிட்டு, யாருக்கோ மாட்டேன் என்பதுபோலத் தலையாட்டி, அதன் பிறகுதான் வீறிடுவாள். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேச வராத குழந்தை.

"எல்லாம் உன் டொய்ங் டொய்ங்கால வந்த வினை," என்றாள் அண்ணி. "படிச்சு முடிச்சவ வேலைக்குப் போவா. நீ பக்கத்து ரூம்ல கம்ப்யூட்டருக்குள்ள ஆந்தை வளக்கற."

"ஹெட்ஃபோன்லதான் கேக்கறேன், அண்ணி. வெளிய வராது."

"அப்ப என் பொண்ணு பொழுதுபோகாம அழறாளா? இந்த வாரத்துக்குள்ள நிக்கலேன்னா நீ வேற இடம் பாத்துக்க."

அண்ணன் போனை முகத்துக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டான்.

அவளுக்குப் போக வேறு இடமில்லை. இயற்பியல் முடித்துவிட்டு, எண்களிலிருந்து இசை செய்யும் கணக்கைத் தானாகக் கற்றுக்கொண்டிருந்தாள். எந்த ஒலியும் எளிய அலைகளின் கூட்டல்தான். சரியான அளவில் கூட்டினால் புல்லாங்குழல், வேறு அளவில் கூட்டினால் மணி. அப்படியானால் அந்த அறையின் ஒலியையும் பிரித்துப் பார்க்கலாம். அதில் தன் சத்தம் இல்லை என்று காட்டினால் போதும்.

மறுநாள் மதியம், அண்ணி கூடத்தில் கண்ணயர்ந்த நேரம், குழந்தைக் கட்டிலின் கம்பியில் மைக்கைக் கட்டினாள். திரை போட்ட அறையில் பவுடர் வாசனையும் உலராத துணியின் வாசனையும் கலந்து நின்றன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகியது. நாய்க்குக் கேட்பதுகூடப் பதிவாகும் மைக் அது; ஒரு நொடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் முறை ஒலியை அளந்து எண்ணாக்கும்.

பதிவைப் போட்டுக் கேட்டாள். விசிறி. குட்டியின் மூச்சு. பிறகு அழுகை. அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

கோப்பு பெரிதாக இருந்ததால், நாலு எண்ணுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தாள். எறிவதற்கு முன் காதுக்கு எட்டாத மேல்சத்தத்தை, அதாவது அதிவேக அதிர்வுகளை, வடிகட்ட வேண்டும். முதல் பாடத்திலேயே எச்சரித்திருந்தார்கள். அவசரத்தில் மறந்துவிட்டாள். வடிகட்டாவிட்டால் மேல்சத்தம் மடிந்து கீழே விழும். வேகமாகச் சுழலும் சக்கரம் வீடியோவில் மெதுவாகத் தெரிவதுபோல, கேட்காதது கேட்க ஆரம்பிக்கும்.

கேட்டது.

"வரட்டுமா?"

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். அண்ணி கொஞ்சும்போது இழுக்கும் அதே இழுப்பு. ஆனால் மூச்சே இல்லாத குரல்.

"உள்ள வரட்டுமா, தங்கம்?"

பிறகு குட்டியின் அழுகை.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். மடியும்போது ஒலி தலைகீழாகும். மேலிருந்தது அடிக்கு வரும், அடியிலிருந்தது மேலே போகும். அப்படி விழுந்தும் அது நேராகப் பேசுகிறதென்றால், அங்கே மேலே அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் லேப்டாப்பையும் மைக்கையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு குழந்தையின் அறைக்குப் போனாள். மைக் கேட்பதை அந்தக் கணமே மடித்து ஒலிபரப்பும்படி எழுதியிருந்தாள். தன் வாயால் சொன்னால் அண்ணி நம்பமாட்டாள்.

"குட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க அண்ணி. நம்பலேன்னா இதைக் கேளுங்க."

"இந்தக் கருமத்தை இங்கயே கொண்டு வந்துட்டியா?"

குட்டி நிமிர்ந்து மூலையைப் பார்த்தாள்.

"வரட்டுமா?" என்றது ஸ்பீக்கர்.

அண்ணி இடுப்பில் கைவைத்தாள். "ஓ, என் குரல்லயே பேச வச்சிருக்கியா? என்னையே கிண்டல் பண்றியா?"

"நான் செய்யல அண்ணி. சத்தியமா. அது மேல..."

"உள்ள வரட்டுமா?"

குட்டி தலையாட்டினாள். மாட்டேன். மாட்டேன். உடம்பே குலுங்க வீறிட்டாள்.

"அண்ணி, பதில் பேசாதீங்க..."

"வந்து தொலையேன்!" என்று அண்ணி மூலையைப் பார்த்துக் கத்தினாள். "யாரு வேணாங்கறா? வா!"

அழுகை நின்றது.

விசிறியின் முனகலும் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"பாத்தியா?" அண்ணியின் முகத்தில் வெற்றி. "ஒரு அதட்டல்ல அடங்கிடுச்சு. இனிமே இந்தச் சாமானோட இந்தப் பக்கம் வந்த..."

குட்டி வாயைத் திறந்தாள்.

"கொட்டாவி விடறா, என் செல்லம். தூக்கம் வந்துடுச்சு." அண்ணி குனிந்து எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தட்டியபடியே ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அண்ணியின் தோளுக்கு மேலே குட்டியின் முகம். வாய் மூடவில்லை. இன்னும் திறந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. லேப்டாப் திரையில் மட்டும், மனிதக் காது எட்டாத உயரத்தில், கோடுகள் எகிறி எகிறி விழுந்தன.

ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்க அவள் கை நீண்டது. அதற்குள் ஸ்பீக்கர் பேசியது.

"வந்துட்டேன், அத்தை."

அண்ணியின் கை தட்டுவதை நிறுத்தியது. அவள் திரும்பவில்லை. தோளுக்கு மேலே அந்தச் சின்ன வாய், காது வரை, திறந்துகொண்டே போனது.