வற்றிய குளத்தில் கிடந்த பிளேன்

அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யக் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் பெற்றோல் மணத்தது. கச்சிமுகம்மது கையை உதறிவிட்டு மனைவி நஸீறாவைக் கூப்பிட்டார். அவள் ஒரு கை அள்ளிக் குடித்தே பார்த்தாள்.

"ஒரு மணமும் இல்லயே. உங்கட மூக்குக்கு என்ன நடந்த?"

சூறாவளியில் குளக்கட்டு உடைந்து ஒரு மாதமாகியிருந்தது. தண்ணீர் வடிந்த சேற்றில் பழைய பிளேன் ஒன்று தலைகாட்டியதாம். ஊரே போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே சேறுதான் என்று சொல்லிக்கொண்டு திரும்பியது. அவர் மட்டும் போகவில்லை.

உலக யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரன் அவருடைய வாப்பாவின் வயலைப் பறித்து, பால் பிடித்திருந்த கதிரின்மேல் கல்லும் தாரும் கொட்டி ஓடுபாதை போட்டான். வாப்பா அந்த ஆற்றாமையிலேயே மௌத்தானார். இருட்டில் இறங்கும் பிளேன்களுக்கு ஓடுபாதையோரம் லாம்பு வைக்கும் வேலை மகனான அவருக்குக் கிடைத்தது. ஒரு மழை இரவில் அந்த லாம்புகளை அவர் குளக்கரையில் வரிசையாக வைத்தார். ஓடுபாதை என்று நம்பி இறங்கிய பிளேன் ஒன்று குளத்தில் மூழ்கியது. விடியுமுன் லாம்புகளைத் திரும்ப எடுத்தும் வைத்துவிட்டார். மழையில் பிளேன் வழி தவறிவிட்டது என்று வெள்ளைக்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு யுத்தமும் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான். வயலை யாரும் திருப்பித் தரவில்லை. முப்பத்தைந்து வருடமாகத் தார் வெடிப்பில் நாயுருவிதான் விளைகிறது. நஸீறாவிடம்கூட இதை அவர் சொன்னதில்லை.

கழுவக் கழுவக் கையில் மணம் ஏறியது. வெயில் சாயும் நேரம் அவர் குளத்துக்குள் இறங்கினார். தவளை கத்தவில்லை, கொக்கு ஒன்றும் இல்லை, காலைப் பிடித்திழுத்து விடுகிற சேற்றின் சத்தமும் அவருடைய மூச்சும் மட்டும் கூடவே வந்தன. ஒரு செட்டை மேலே நிற்க, பிளேன் சரிந்து கிடந்தது. கண்ணாடி முழுக்கச் சேறு.

"அது எங்கட வயல்," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "நீங்க வந்திரிக்கப்படா."

திரும்பிப் போகக் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கினார்.

பிறகு, உள்ளேயிருந்து, டொக்.

அவர் கல்லொன்றை எடுத்து ஓங்கி அடித்தார். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை.

டொக். டொக்.

உள்பக்கத்துச் சேற்றை ஒரு கை துடைத்தது. மெதுவாக. வட்டமாக. வெள்ளை வெளேரென்ற விரல்கள்.

குளம் வற்றியிருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அதற்குள் மீசை அரும்பாத ஒரு முகம். கண் திறந்திருந்தது. அவரையே பார்த்தது. வாய் திறந்தது. தண்ணீரை விழுங்கியது.

மறுபடி திறந்தது.